ஹுதாத்மா சௌக்கில் இறங்க வேண்டியவள்

தாராவியில் எங்கள் லைன் வீடுகளில் அந்த இடத்துக்கு ஒரே பெயர்தான்: பவுண்டன். அதற்கு முன்னால் ஃபுளோரா என்று ஒரு சொல் உண்டு என்பதுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஆளைக் கோட்டைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், நடுச் சதுக்கத்தில் வெள்ளைப் பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கும் கல் பொம்பளையையும், அவளைச் சுற்றி வளைந்து போகும் மாடி பஸ்களையும் காட்டி, ஐஸ்கிரீம் ஒன்று வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டால்தான் அந்த ஆள் பம்பாய்க்கு வந்ததாக அர்த்தம். வருஷக்கணக்காகத் தாராவியில் தோல் ஷாப்பில் வேலை செய்துவிட்டு, பவுண்டனைப் பார்க்காமலே ஊர் திரும்பிய ஒருவரைப் பற்றி, "அவன் எங்கடே பம்பாய்க்குப் போனான், தாராவிக்குல்லா போனான்" என்று இன்றைக்கும் பேசிச் சிரிப்பார்கள்.

எனக்கு அது வேலை பார்க்கும் இடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடம், பிறகு நைட் ஸ்கூல், பிறகு மாட்டுங்காவில் டைப்பிங் கிளாஸ் என்று படிப்படியாக ஏறி, கப்பல் சரக்கு கிளியரிங் செய்யும் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் ஆகியிருந்தேன். என் மேஜைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கல் பொம்பளையின் முதுகு தெரியும். அப்பா யாரிடம் பேசினாலும், "எம் மவன் பவுண்டன்ல நிக்கான்" என்பார். நானும் அங்கே ஒரு சிலையாக நிற்கிறேன் என்பதுபோல இருக்கும்.

அந்த இடத்துக்கு அரசாங்கம் புதுப் பெயர் வைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மராத்திக்காரர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு நடந்த போராட்டத்தில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் நினைவாக, தீப்பந்தம் பிடித்த இருவரின் சிலையைப் பவுண்டனுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, சதுக்கத்துக்கு ஹுதாத்மா சௌக் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். உயிர்த் தியாகம் செய்தவர்களின் சதுக்கம் என்று பொருள். ஆபீஸ் கடிதங்களில் நான் இரண்டு பெயரையும் டைப் அடித்திருக்கிறேன். வாயால் சொன்னது பழைய பெயரைத்தான். எல்லோரும் அப்படித்தான்.

நான் சொல்லும் வருஷத்தில் அதுவும் பயத்துக்குரிய காரியமாகிவிட்டது. அறுபதுகளின் பின்பாதி. தெற்கேயிருந்து வந்தவர்கள் வேலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்று மேடைக்கு மேடை பேச்சு. சுவர்களில் கரியால் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்து இட்லி ஹோட்டல் ஒன்றின் கண்ணாடியை ஒருநாள் உடைத்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் நான் ஒருமுறை, "ஏக் ஃபவுண்டன்" என்று டிக்கெட் கேட்டபோது, பின் சீட்டில் இருந்த ஒரு பையன் என் தோளைத் தட்டி, "எந்த ஃபவுண்டன்? பேரை ஒழுங்காச் சொல்லு" என்றான். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அதையும் சொன்னேன். கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட் ஓட்டை போடும் கருவியை டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆகி, என் மனைவி தாராவிக்கு வந்து சேர்ந்திருந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக் கிராமம். சர்ச்சில் பாட்டுக் குழுவில் பாடியவள். அலைக்கும் காற்றுக்கும் மேலே பேசிப் பழகிய குரல். எங்கள் தகர அறையில் அவள் உப்பு எங்கே என்று கேட்டால் நாலாவது வீட்டிலிருந்து பதில் வரும். லைனில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது அந்தக் குரலால்தான். எனக்கும்தான். ஆனால் வெளியே கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தக் குரல் எழும்புவதற்குள் நானே பேசி முடித்துவிடப் பார்ப்பேன்.

"வந்து இத்தன நாளாச்சு, இன்னும் பவுண்டனக் காட்டலியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா குத்திக்கொண்டே இருந்தாள். "எல, ஆபீசுல ஒனக்கு வேற யாரும் இருக்காளோ, அதான் கூட்டிட்டுப் போவ பயப்படுதியோ?"

கடைசியில் ஒரு சனிக்கிழமையை முடிவு செய்தேன். சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். நான் தாராவிக்கு வந்து கூட்டிப் போனால் பொழுது போய்விடும். அக்கா அவளைப் பக்கத்துக் காலா கில்லா ஸ்டாப்பில் கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றி விடுவது, நான் சதுக்கத்து பஸ் ஸ்டாப்பில் நின்று இறக்கிக்கொள்வது, சுற்றிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது. ஏறினால் இறங்க வேண்டியதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றியது. எனக்கு மட்டும் அந்தப் பின் சீட்டுப் பையன் ஞாபகம் வந்துகொண்டே இருந்தான்.

அதனால் முந்தின நாள் சாயங்காலம் அவளுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன்.

"பவுண்டன்னு சொல்லாத. ஹுதாத்மா சௌக்குன்னு சொல்லணும். எங்க, சொல்லு."

"உதாத்துமா."

"உ இல்ல, ஹு. விளக்க ஊதி அணைப்பேல்லா, அப்படி."

அவள் நிஜமாகவே ஊதினாள். "ஹூ... ஆத்துமா. ஏங்க, ஆத்துமாவா? செத்தவுகளுக்குச் சொல்லுவோமே, அந்த ஆத்துமாவா?"

"கிட்டத்தட்ட அதுதான். செத்தவங்க பேருல வச்சதுதான்."

"அப்ப கல்லறையா அது? கல்லறைக்குப் போவத்தானா நல்ல சேலைய எடுத்து வைக்கச் சொன்னிய?"

தகரத்துக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது. "போம்போது ஆளுக்கொரு மெழுகுவத்தி வாங்கிட்டுப் போங்கடே."

"சௌக்குன்னா?" என்றாள் இவள், சிரிக்காமல்.

"சதுக்கம். நாலு ரோடு சேருற இடம்."

"சவுக்குன்னா எங்க ஊர்ல மரம்லா." கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. "சரி, பிடிச்சிட்டேன். எங்க கல்லறைத் தோட்டத்துல வரிசையா சவுக்கு மரம் நிக்கும். அத நெனச்சிக்கிடுதேன். ஆத்துமா, சவுக்கு. மறக்காது."

நான் திருத்திப் பார்த்தேன். மறுபடியும் ஆத்துமாவுக்கும் சவுக்குக்குமே வந்து நின்றாள். பஸ் சத்தத்தில் இவ்வளவு வித்தியாசம் யாருக்குக் கேட்கப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

கட்டிலில் படுத்திருந்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பவுண்டன்னா பம்பாய்ல நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். அந்தப் புள்ளயப் போட்டு ஏண்டே குழப்புத?"

"காலம் சரியில்லப்பா."

"காலம் என்னிக்குச் சரியா இருந்துச்சு," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ஆபீஸில் மத்தியானம் நெருங்கும்போது எங்கள் ஹெட்கிளார்க், கீழே போய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தவர், ஜன்னல் ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்த ஆரம்பித்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். குரல் உயராது. ஆபீஸில் யாரோடும் இங்கிலீஷ்தான், என்னோடு மட்டும் தமிழ்.

"என்ன சார்?"

"நம்மவாளைத் துரத்தணும்னு ஊர்வலமாம். கிர்காம்லேர்ந்து கிளம்பியாச்சாம். இங்கதான் வந்து கூட்டம் போடப் போறா. துரை ஆபீஸை மூடச் சொல்லிட்டார். நீ பாட்டுக்கு வி.டி.க்கு நடந்து போய் டிரெயினைப் பிடி. பஸ்ஸை நம்பாதே. வழியில வாயைத் திறக்காதே."

"சார், என் மனைவி பஸ்ல வந்துகிட்டிருக்கா."

அவர் கை ஜன்னல் கொக்கியிலேயே நின்றது. "இங்கயா?"

"இங்கதான். ஸ்டாப்புல இறங்கச் சொல்லியிருக்கேன்."

"இன்னிக்கா பார்த்தே?" அதற்கு மேல் திட்டவில்லை. "சரி, நீ ஸ்டாப்பை விட்டு அசையாதே. நான் வி.டி. ஸ்டாப்ல பார்த்துண்டே போறேன். அங்கேயே இறக்கி விட்டாலும் விடுவான். அடையாளம் சொல்லு. என்ன புடவை?"

எனக்குத் தெரியவில்லை. காலையில் நான் கிளம்பும்போது அவள் வீட்டுச் சேலையில் இருந்தாள். எடுத்து வைத்திருந்தது பச்சையா, அல்லது அந்த ஊதாவா?

"பச்சைன்னு நினைக்கிறேன் சார்."

"உசரமா, குள்ளமா?"

"நடுத்தரம்."

"நன்னாயிருக்கு. பம்பாய்ல பாதிப் பேர் அப்படித்தான் இருப்பா. வேற ஏதாவது?"

"சத்தமாப் பேசுவா சார்."

"அதை இன்னிக்கு யார்கிட்டயும் சொல்லாதே," என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் கீழே வந்தபோது சதுக்கத்தின் முகமே வேறாக இருந்தது. நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவர்கள் தார்ப்பாய் போட்டு மூடிக் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரானி ஹோட்டலில் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்துவிட்டு முன் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். எதிரே தந்தி ஆபீஸ் படிகளில் மட்டும் ஆட்கள் நெருக்கமாக நின்றார்கள், மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல. போலீஸ்காரர்கள் தடிகளோடு இரண்டு லாரிகளில் வந்து இறங்கி, தீப்பந்தச் சிலையைச் சுற்றி நின்றார்கள். கல் பொம்பளையின் காலடியில் தண்ணீர் எப்போதும்போல விழுந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் காதில் விழவே விழாது.

தாதர் பக்கமிருந்து வரும் பஸ் ஒன்று வந்தது. நான் முன்வாசல், பின்வாசல், மாடி ஜன்னல் என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. இன்னொன்று வந்தது. பச்சைச் சேலை ஒன்று இறங்கியது. குஜராத்திக்காரி, தலையில் முக்காடு. அடுத்ததில் பெண்களே இல்லை. ஒவ்வொரு பஸ் வரும்போதும் அவள் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். படிக்கட்டில் நின்றபடியே, "ஏங்க, இஞ்ச நிக்கேன்" என்று அவள் கூப்பிடுவதும் கூடவே மனதில் கேட்டது. அது கேட்டதும், இந்த பஸ்ஸில் இல்லாமல் இருந்தால் தேவலை என்றும் தோன்றியது. இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஊர்வலத்தின் முன்பகுதி வந்து சேர ஆரம்பித்தது. கொடியோடு வந்த இளவட்டம் ஒருவன் நான் தனியாக நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தான்.

"இங்க ஏன் நிக்கிறே?" என்று மராத்தியில் கேட்டான்.

பள்ளிக்கூடத்தில் படித்த மராத்தியைத் தேடி எடுத்து, "பாய்க்கோ வருகிறாள்" என்றேன். பாய்க்கோ என்றால் பெண்டாட்டி.

"இன்னைக்கு இதுக்கு மேல பஸ் வராது. வீட்டுக்குப் போ. எந்த ஊரு உனக்கு?"

"ஸாயன்." பக்கத்துப் பேட்டையின் பெயர் அது. தாராவி என்று சொல்ல வாய் வரவில்லை.

"அது வீடு. நான் கேட்டது ஊரு."

பின்னால் கோஷம் எழும்பியது. அவன் தலையைத் திருப்பி அதில் சேர்ந்து கத்தினான். திரும்ப என்னைப் பார்ப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் அவனை முன்னே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு பஸ் வந்தது. காலியாக, கண்டக்டர் மட்டும் படியில் தொங்கிக்கொண்டு. நான் கூடவே ஓடி ஹிந்தியில் கேட்டேன். அவர் கையை வடக்கே நீட்டினார். "பின்னாடி வர்ற வண்டி எதுவும் இங்க வராது. வி.டி., மார்க்கெட், எங்க முடியுதோ அங்க திருப்புறாங்க. அங்க போய்ப் பாரு."

ஸ்டாப்பை விட்டு அசையாதே என்று ஹெட்கிளார்க் சொல்லியிருந்தார். அசையாமல் இருந்தால் அவள் வேறெங்கோ நிற்பாள். அசைந்தால் அவள் இங்கே வந்து நிற்பாள். நான் பத்தடி நடப்பதும் திரும்பி ஸ்டாப்பைப் பார்ப்பதுமாக இருந்தேன். பிறகு ஸ்டாப்பே கூட்டத்துக்குள் மறைந்து போனது. அதுவே எனக்கு முடிவாயிற்று. ஊர்வலம் வரும் திசைக்கு எதிராக, கட்டடத்து வளைவுகளின் அடியில், தூணுக்குத் தூண் ஒதுங்கி நடந்தேன்.

அப்போது எனக்கு இருந்த ஒரே வழி கூப்பிடுவதுதான். அவள் எங்கே இருந்தாலும் தமிழில் ஒரு குரல் கேட்டால் திரும்புவாள். அந்த ரோட்டில் தமிழில் ஒரு குரல் கொடுக்க என்னால் முடியவில்லை. ஹிந்தியில் கூப்பிட்டால் அது தனக்கு என்று அவளுக்குத் தெரியாது. உதட்டை அசைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், ஒவ்வொரு சேலையாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கடை வாசலில் நின்ற கும்பலில் யாரோ, "ஏ யண்டுகுண்டு" என்று கத்தினார்கள். எங்கள் பேச்சு அவர்களுக்கு அப்படித்தான் கேட்கும் என்று வைத்த பெயர். நான் வாயே திறக்கவில்லையே, எப்படித் தெரிந்தது என்று திரும்பினால், அவர்கள் வேறு யாரையோ பார்த்துக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவேளை அவளையோ? அந்தத் திசையில் ஓடினேன். தயிர்ப் பானை சுமந்த ஒரு கிழவர்தான் போய்க்கொண்டிருந்தார்.

வி.டி. ஸ்டாப்பில் ஹெட்கிளார்க் நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போகவே இல்லை. குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ் வரும் பக்கம் பார்த்தபடி நின்றார். என்னைக் கண்டதும் உரக்க இங்கிலீஷில் ஏதோ குட் ஆஃப்டர்நூன் என்றார். அப்புறம் காதருகே குனிந்தார்.

"பச்சைப் புடவையா வந்தவா எல்லார்கிட்டயும் போய், தமிழாம்மா, தமிழாம்மான்னு கேட்டேன். ஒருத்தி செருப்பைக் காட்டினா. உன் ஆத்துக்காரி இங்க வரலை. மார்க்கெட்டோட நிறையப் பஸ்ஸைத் திருப்பிட்டானாம். அங்க பாரு. நான் வரட்டுமா?"

"வேண்டாம் சார். நீங்க வீட்டுக்குப் போங்க."

"கிடைச்சதும் மஸ்ஜித் ஸ்டேஷன் போயிடு. திரும்ப இங்க வராதே." என் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு அவர் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போன பிறகும் அங்கேயே நின்றாரா, தெரியாது.

கிராஃபோர்ட் மார்க்கெட்டின் முன் கேட்டை மூடிவிட்டிருந்தார்கள். ஸ்டாப்பில் ஒரு நாய் படுத்திருந்தது. ஆள் இல்லை. அதுவரை இங்கே இல்லாவிட்டால் அங்கே என்று ஒன்று இருந்தது. இதற்கு அப்புறம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஹிந்தியில் ஆமாம், இல்லை, தண்ணீர் மூன்றும்தான் தெரியும். எங்கள் வீட்டு விலாசம் அவளுக்குத் தாராவி என்ற ஒற்றைச் சொல். இன்றைக்கு அந்தச் சொல்லை யாரிடம் சொல்லிக்கொண்டு நிற்கிறாளோ. அப்பாவிடம் போய் என்ன சொல்வேன், அவள் அண்ணன்களுக்கு என்னவென்று எழுதுவேன் என்றெல்லாம் மனது ஓடியது. மார்க்கெட்டைச் சுற்றி ஒருமுறை நடப்பது என்று வைத்துக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றாததால்தான்.

பின்பக்கம் திரும்பியதும் மீன் வாடை அடித்தது. அந்த வாசல் ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அய்ய, இது செத்து ரெண்டு நாளாச்சுல்லா. செவுளத் தூக்கிக் காட்டு, நான் சொல்லுதேன். எங்க ஊர்ல இத நாயிகூட மோந்து பாக்காது."

இவ்வளவும் தமிழில், அந்த உயர்ந்த கூரை முழுக்க எதிரொலித்துக்கொண்டு.

கோலி சாதி மீன்காரிகள் நாலைந்து பேர் கூடைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கவிழ்த்துப்போட்ட ஒரு கூடையில் என் மனைவி உட்கார்ந்து, ஒரு சீலா மீனின் செவுளை விரலால் நெம்பிக்கொண்டிருந்தாள். ஊதாச் சேலை. அந்த மீனுக்குச் சொந்தக்காரி மராத்தியில் இவளை மூச்சுவிடாமல் ஏசினாள். ஒருத்தி சொல்வது ஒருத்திக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் பாதி சிரிப்பில் இருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். "ஏங்க, எங்க போய்த் தொலஞ்சிய—"

நான் உதட்டில் விரலை வைத்தேன். "மெதுவா. மெதுவாப் பேசு."

அவ்வளவு நேரம் தேடி, கண்டதும் நான் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. பாதி வாக்கியத்தில் அவள் வாய் அப்படியே நின்றது. மீன்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இடுப்பில் கை வைத்து என்னிடம் ஹிந்தியில் கேட்டாள்: "ஏ மத்ராஸி, பாய்க்கோவ மார்க்கெட்ல விட்டுட்டு எங்க ஊர் சுத்துனே? வெளிய கலாட்டா, நான்தான் கையப் பிடிச்சு உள்ள இழுத்தேன். மீன் தெரியுது இவளுக்கு. வாய்தான் மூட மாட்டேங்கா."

"என்ன சொல்லுதா?" என்றாள் என் மனைவி, சன்னமாக.

"உன்னப் பத்தி நல்லாத்தான் சொல்றா. ஆமா, இங்க ஏன் இறங்கினே? பஸ்ஸத் திருப்பிட்டாங்களா?"

"திருப்பவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது நேரே போச்சு. நீங்க சொன்னதத்தான் சொன்னேன். ஆத்துமா சவுக்குன்னேன். கண்டக்டருக்கு விளங்கல. மகாத்மாவா, மகாத்மாவான்னு ரெண்டு தரம் கேட்டாரு. நானும் ரோசிச்சுப் பார்த்தேன். மகாத்மான்னா பெரிய ஆத்துமாதானே. மரியாதைக்குச் சொல்லுதாருன்னு நெனச்சு ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். இங்க வந்து இறக்கி விட்டுட்டாரு."

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. அந்த மார்க்கெட்டுக்கும் ஒரு புதுப் பெயர் இருந்தது. மகாத்மா என்று தொடங்கும் பெயர். பவுண்டனைப் புதுப் பெயரில் யாரும் கூப்பிடாததுபோல அதையும் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவளுடைய கண்டக்டருக்கு மட்டும், வாயைப் பொத்திக்கொள்ள வேண்டிய அந்த நாளில், புதுப் பெயர்தான் முதலில் ஞாபகம் வந்திருக்கிறது. அவரும் எங்களைப் போலப் பயந்தவர்தானோ என்னவோ.

"இறங்கிப் பார்த்தா சவுக்கும் இல்ல, நீங்களும் இல்ல," என்றாள். "கடையெல்லாம் அடைக்கான். ஆளுக ஓடுதாவ. மீன் வாசம் வந்துச்சு. சரி, மீன்காரி இருப்பான்னு உள்ள வந்தேன்."

"பயமா இருந்துச்சா?"

"அப்ப இல்ல." அவள் என் விரலைப் பார்த்தாள், இன்னும் நான் அதை முகத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். "இப்பத்தான் இருக்கு."

மீன்காரி எங்களைப் பின்வாசல் வழியாக வெளியே விட்டாள். மஸ்ஜித் ஸ்டேஷனுக்குச் சந்து சந்தாக நடந்தோம். எங்கேயோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. சிலர் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். அவள் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். பொது இடத்தில் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எதிரே ஆட்கள் வரும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகுவதும், அவர்கள் கடந்ததும் தளர்வதும் எனக்கு முதுகில் தெரிந்தது.

ரயிலில் பெண்கள் பெட்டிக்கு அவளை அனுப்ப எனக்குத் துணிவில்லை. ஆண்களுக்கு நடுவில், என் முன்னால் கதவோரமாக நிறுத்தி, இரண்டு கையாலும் வளையம் போட்டு நின்றேன். பைகுல்லாவில் ஒரு கூட்டம் கோஷத்தோடு ஏறியது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துப் பற்களால் கவ்விக்கொண்டு, தரையில் கிடந்த ஒரு கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாதரில் அவர்கள் இறங்கிப் போன பிறகும் அவள் அப்படியேதான் நின்றாள். ஒருவர் "சற்றுத் தள்ளு" என்று ஹிந்தியில் சொன்னார். தள்ளினாள். ஒருவர் கையிலிருந்த டப்பா அவள் நெற்றியில் இடித்தது. அம்மா என்றுகூட வரவில்லை.

மாட்டுங்காவில் இறங்கி, லேபர் கேம்ப் குடியிருப்பு வழியாக நடந்தோம். வெயில் இன்னும் இருந்தது. கேம்ப்பைத் தாண்டியதும் எங்கள் ஊர்ப் பேச்சு காதில் விழ ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியின் குடத்தை நகர்த்தியதற்காக ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசிக்கொண்டிருந்தாள். தோல் ஷாப்புகளின் வாடை வந்தது. கடை ஒன்றுகூட அடைத்திருக்கவில்லை. என் கைகால் தானாகவே நிதானத்துக்கு வந்தன. அவளுக்கும் அப்படி இருக்கும் என்று நினைத்துத் திரும்பினேன். என் சட்டையை அவள் இன்னும் விட்டிருக்கவில்லை.

"இனிமே பேசலாம்," என்றேன்.

"என்ன பேச?" என்று கேட்டாள். குழாயடிச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லவில்லை.